குடைக்காரியின் கையெழுத்து

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, கண் ஆபரேஷனுக்குப் பிறகு அத்தானால் பேப்பர் படிக்க முடிகிறதா என்று எழுது. போனில் கேட்டுப் பயனில்லை. போன வாரம் "கால் எப்படிக்கா இருக்கு" என்றேன். "பால் இப்பல்லாம் பாக்கெட்டுதான்" என்றாய். கடிதமே மேல்.

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. முப்பத்தாறு வருஷம் பஸ் டிப்போவில் தொலைந்த பொருள் பிரிவில் உட்கார்ந்து, ஊரார் மறந்துவிட்டுப் போன பைகளுக்குச் சீட்டு ஒட்டினேன். இப்போது என் சொந்தப் பொருள்களுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி சொல்கிறாள், "எனக்கும் ஒண்ணு ஒட்டிடுங்க, எந்த அலமாரின்னு தெரியும்."

சினிமாச் சாமான் மட்டும் நான்கு டிரங்குப் பெட்டி. பாட்டுப் புத்தகங்கள் முந்நூற்றுச் சொச்சம். சினிமாப் பத்திரிகைகள் வருஷவாரியாக. நடுப்பக்கம் கிழிபடாதது தனி, கிழிபட்டது தனி. போஸ்ட் கார்டு அளவு நட்சத்திரப் படங்கள் அறுநூற்றுப் பத்து. உதட்டுக்கு மட்டும் கையால் சிவப்பு பூசியவை, ஓரம் நெளிநெளியாக வெட்டியவை, பின்னால் கோந்துக் கறை உள்ளவை என்று பிரித்திருக்கிறேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. வெட்கத்தால் சொல்லவில்லை. அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வலது கையில் இரண்டு விரலை நான் இழந்த வருஷம், நடிகை குடைக்காரிக்குக் கடிதம் எழுதினேன். ஞாபகம் இருக்கிறதா, முதல் படத்தின் போஸ்டரில் குடையோடு நின்றதால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அவர் பதில் போட்டார், அக்கா. ஒன்றல்ல, பத்து. பத்தும் அவர் படம் போட்ட அட்டைகள். பின்பக்கம் முழுக்க எழுதி, கீழே கையெழுத்து. அந்தப் பத்து இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

பிறகு பதினோராவதாக ஒன்று வந்தது. அது வேறு கையெழுத்து. நாலு வரிதான், கோழி கிளறியது மாதிரி. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று ஒதுக்கி வைத்துவிட்டேன்.

செப்டம்பரில் இங்கே நூலகத்தில் பழைய சினிமாக் கண்காட்சி நடக்கப்போகிறது. பொருள்களைப் பார்த்து எடுக்க ஒருவர் வருகிறார். பழைய சினிமாப் பத்திரிகை ஆசிரியர், எப்போதும் கையில் பூதக்கண்ணாடி. லென்ஸ்காரர் என்றால்தான் தெரியும். நீ கல்யாணத்துக்கு முன்னால் மருந்துக் கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாயே, அங்கே ஸ்டுடியோவில் வேலை பார்த்த பெண்கள் யாராவது இருந்தார்களா? நட்சத்திரங்கள் தாங்களே பதில் எழுதுவார்களா என்று கேள்விப்பட்டிருக்கிறாயா?

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி

*

ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் குளிரில் மடங்க மறுக்கிறது. அத்தான் பேப்பரை இப்போது விளம்பரம் உட்பட முழுதும் படித்து, எனக்கும் உரக்கப் படித்துக் காட்டுகிறார். ஆபரேஷன் செய்யாமலே இருந்திருக்கலாம். மகள் சுகம்.

சினிமா பற்றி எனக்கு என்ன தெரியும். ஹாஸ்டலில் இருந்தவர்கள் நர்சுகளும் டீச்சர்களும்தான். பெரிய நடிகைகள் ஓய்வு கிடைக்கும்போது தாங்களே எழுதியிருக்கலாம். உனக்கு அப்படி எழுதியிருந்தால் நல்லதுதானே. அதைத் தோண்டித் துருவுவானேன்.

அந்த அட்டைகளை வெளியாள் கையில் கொடுக்காதே. இத்தனை நாள் பெட்டியில் இருந்தது, இனியும் இருக்கட்டும்.

பதினோராவது என்கிறாயே, அது எப்போது வந்தது?

பரணில் ஏறும்போது கவணம். ஏணியை யாராவது பிடித்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 8

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் சுகம்தானே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தலைதான் சுற்றுகிறது.

லென்ஸ்காரர் வந்தார். நீ கொடுக்காதே என்றாய். உன் கடிதம் வந்தபோது அவருக்கு நாள் குறித்தாயிற்று. பாட்டுப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் புரட்டிவிட்டு, "பூச்சி அரிக்காம வச்சிருக்கீங்க, அதுவே பெரிசு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே பத்து அட்டைகளையும் எடுத்து மேஜையில் வைத்தேன். பதினோராவது உறைக்குள்ளேயே இருந்தது. அவரே அதையும் இழுத்துப் போட்டார்.

பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பத்தையும் ஒரு பக்கம் தள்ளினார்.

"இது கம்பெனிக் கை."

"அப்படின்னா?"

"ஸ்டுடியோவுல தபால் ரூம்னு ஒண்ணு உண்டு. நாலஞ்சு பொண்ணுங்க உட்கார்ந்திருப்பாங்க. மூட்டை மூட்டையா லெட்டர் வரும். பதிலும் அவங்கதான், கையெழுத்தும் அவங்கதான். நடிகை கண்ணாலகூடப் பார்த்திருக்க மாட்டாங்க."

"இவ்வளவு நீளமா எழுதியிருக்காங்களே."

"அதுதான் எனக்கும் புரியல. ரெண்டு வரிக்கு மேல எழுத விடமாட்டாங்க. ஆனா சாய்வைப் பாருங்க, பழகின சாய்வு. அவசரத்துல நிமிந்துடுது. அப்புறம் ஒவ்வொண்ணுலயும் 'கவணம்'னு மூணு சுழி. குடைக்காரி அந்தத் தப்புப் பண்ண மாட்டாங்க. அவங்க அப்பா தமிழ் வாத்தியார்."

பதினோராவதைத் தூக்கிக் காட்டினார். "இது அசல். அவங்க கைப்பட எழுதினது எனக்குத் தெரிஞ்சு நாலுதான் இருக்கு. இது அஞ்சாவது."

நான் கிழித்துப் போடாமல் விட்டதுதான் மிச்சம் என்று வைத்திருந்த அட்டை அசலாம். நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்த பத்தும் போலியாம். அவர் போன பிறகு சோறு இறங்கவில்லை.

உன் கடிதம் மேஜை மேலேயே கிடந்தது. என் மனைவி எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு, "உங்கக்காவும் மூணு சுழிதான் போட்டிருக்காங்க" என்றாள். எடுத்துப் பார்த்தேன். ஆமாம். முப்பத்தேழு வருஷமாக உன் கடிதங்களைப் படிக்கிறேன், என் கண்ணில் பட்டதே இல்லை. இது என்ன வேடிக்கை, உனக்கும் ஸ்டுடியோக்காரப் பெண்ணுக்கும் ஒரே டீச்சரா?

பதினோராவது வந்தது உன் கல்யாணம் முடிந்து மூன்று மாதத்தில். தபால் முத்திரை இருக்கிறது. ஏன் கேட்டாய்?

உன் தம்பி

*

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. முழங்கால் வீங்கி டாக்டரிடம் போகவர இருந்தேன். இப்போது தேவலை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க வேண்டும்.

எழுத்துப் பிழை யாருக்குத்தான் வராது. நம் காலத்தில் பாதிப்பேர் அப்படித்தான் எழுதினார்கள். இதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதே. உனக்கு அட்டை வந்தது, அதைப் படித்து ஆறுதலாக இருந்தது. எழுதியது யாராக இருந்தால் என்ன.

பதினோராவது பற்றிச் சும்மாதான் கேட்டேன்.

மகள் வீட்டில் புதிதாகச் சுவருக்கு வர்ணம் அடித்திருக்கிறார்கள். பச்சை. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

கவனமாக இரு.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 28

அக்கா,

சுகம். உன் சுகத்துக்கு எழுது.

உன் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "கவனமாக" என்ற இடத்தில் மட்டும் காகிதம் மெலிந்திருக்கிறது. முதலில் மூன்று சுழி போட்டுவிட்டு, பிளேடால் சுரண்டி, மேலே ரெண்டு சுழி எழுதியிருக்கிறாய். இந்த வயதில் யாருக்காக எழுத்தைத் திருத்தினாய்?

இந்த ஒரு வாரமாக நான் எதைச் செய்தாலும் பாதியில் நின்றுவிடுகிறேன். பத்து அட்டையையும் உன் பழைய கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சாய்வு வேறு, சுழி ஒன்று. 'ற' ஒன்று. வாக்கியத்தை முடிக்கும்போது புள்ளி வைக்காமல் சின்னதாகக் கோடு இழுக்கிறது இரண்டிலும் இருக்கிறது. ஒரு நிமிஷம் எல்லாம் விளங்கியது போல் இருக்கிறது. மறு நிமிஷம், மருந்துக் கம்பெனியில் இருந்தவள் எப்படி என்று மறுபடி குழம்பிவிடுகிறது.

நான் கோபிக்க மாட்டேன். என்ன நடந்தது என்று மட்டும் சொல்.

தம்பி

*

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம். இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இனிக் கிழிக்கப் போவதில்லை.

நான் மருந்துக் கம்பெனியில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. ஹாஸ்டலில் என்னோடு தங்கியிருந்தவள் அங்கே டைப்பிஸ்ட். வீட்டுக்கு அவள் ஆபீஸ் விலாசத்தைக் கொடுத்தேன். கடிதம் வந்தால் கொண்டுவந்து தருவாள். சினிமாக் கம்பெனி என்றால் அப்பா அன்றைக்கே வந்து இழுத்துப் போயிருப்பார். உன் அத்தானுக்கும் இன்று வரை தெரியாது. இந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் என்னிடம்தான் மாத்திரை பெயர் கேட்கிறார். நானும் ஏதோ சொல்கிறேன்.

ஸ்டுடியோவில் வர்ணம் அடிக்கும் கொட்டகைக்குப் பின்னால்தான் தபால் அறை. நான்கு பெண்கள், ஒரு நீள மேஜை, ஒரு பானை நிறையக் கோந்து. நான் குடைக்காரிக்காக எழுதுகிறவள். வலப்பக்கம் சாய்த்து எழுத இரண்டு மாதம் பழக்கினார்கள். "உங்கள் அன்புக்கு நன்றி" என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவை.

ஒரு நாள் காலையில் உறையைப் பிரித்தேன். உள்ளே எழுத்து குழந்தை எழுதியது போல் கோணல்மாணலாக இருந்தது. எங்கள் விதிப்படி, கோணல் எழுத்துக்குப் படம் மட்டும் போதும், பதில் வேண்டாம். ஒதுக்கப் போனேன். அதில் நம் தெருப் பெயரைப் பார்த்தேன். பிறகுதான் படித்தேன். இயந்திரத்தில் விரல் போய்விட்டது, இடது கையால் எழுதுகிறேன், ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தேன், எனக்கு ஒரு அக்கா இருந்தாள், தந்தி கொடுத்தும் எட்டிப் பார்க்கவில்லை, இனி இல்லை என்றே வைத்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தாய்.

உன் விரல் போனது எனக்கு அப்படித்தான் தெரியும், தம்பி. அந்தத் தந்தி மருந்துக் கம்பெனியில் என் தோழியின் மேஜை இழுப்பறையில் கிடந்தது. அவள் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று ஒன்றரை மாதம் லீவில் போயிருந்தாள்.

அடுத்த பஸ்ஸில் வந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "மருந்துக் கம்பெனில அவ்வளவு வேலையா?" என்று கேட்டாய். அப்பா பக்கத்தில் நின்றார். "ஆமா" என்றேன்.

அக்காவாக எழுதினால் நீ பிரிக்கவே மாட்டாய். அதனால் அவராக எழுதினேன். பத்தும் நான்தான். பதினொன்று நான் இல்லை. அதற்குள் வேலையை விட்டு இங்கே வந்துவிட்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறது?

கோபம் இருந்தாலும் ஒரு வரி எழுது.

அக்கா

*

ஜூலை 2

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

நலம். நீங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். எழுத உட்கார்ந்தால் யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. என் அக்கா மேல் இருந்த ஆத்திரத்தை எல்லாம் ஒருவரிடம் கொட்டினேன். அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். ஒன்பதாவது அட்டையில், "அக்காவின் கல்யாணத்துக்குப் போய் வாருங்கள். சொல்ல முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு" என்று எழுதினார். அவர் சொன்னார் என்பதற்காகத்தான் உங்கள் கல்யாணத்துக்கு வந்தேன். இப்போது பார்த்தால், எல்லாம் நீங்களே. நான் யாரோடு சண்டை போட்டேன், யாரோடு சமாதானம் ஆனேன்?

அவருக்கு ஒரு கவிதை எழுதினேன். அதையும் நீங்கள்தான் படித்தீர்களா? என் கடிதங்கள் எங்கே? நானே மூன்று பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாயிற்று. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடச் சொல்லத் தோன்றவில்லையா?

பெட்டிகளைப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
தம்பி

*

ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து நீ அப்படிக் கூப்பிட்டதில்லை. அவருக்கு எழுதும்போதுதான் அப்படி எழுதுவாய்.

கவிதையைப் படித்தேன். எதுகை நன்றாக வந்திருந்தது. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் விழித்தேன். கடைசியில் "நேரத்துக்குத் தூங்குங்கள்" என்று எழுதினேன். உனக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

உன் கடிதம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் காகிதக் கடைக்குப் போட்டுவிடுவார்கள். ஒன்றை எடுத்துவரப் பார்த்தேன். வாசலில் பையைச் சோதிப்பார்கள், பயந்துவிட்டேன். ஆனால் இப்போதும் வரி வரியாகச் சொல்லச் சொன்னால் பாதி சொல்வேன்.

சொல்லத் தோன்றவில்லையா என்று கேட்கிறாய். தோன்றாத வருஷம் இல்லை. உன் கல்யாணத்துக்கு வந்தபோது சொல்லிவிடுவது என்று கிளம்பித்தான் வந்தேன். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் இருந்ததை எல்லாம் நான் கழற்றினேன். குடைக்காரி படத்தில் கை வைத்தபோது, "அக்கா, அதை மட்டும் தொடாத, நான் கழட்டிக்கிறேன்" என்று ஓடி வந்தாய். துணியில் சுற்றி, குழந்தையைப் போல் எடுத்துக்கொண்டு போனாய். அந்த ஆள் பொய் என்று எப்படிச் சொல்ல?

உண்மையைச் சொல்கிறேன். உனக்கு அவரிடம் இருந்த மரியாதையில் கால்வாசி என்னிடம் இல்லை. அது எனக்கு வலிக்கும். அதே நேரம், அது எனக்கு வந்த மரியாதைதானே என்று உள்ளூரச் சந்தோஷமாகவும் இருக்கும். இரண்டில் எது பெரிது என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. நீ குழம்பியிருக்கிறாய். நான் முப்பத்தெட்டு வருஷமாக அப்படித்தான் இருக்கிறேன்.

பெட்டிகளைப் பூட்டாதே. காற்றுப்படாவிட்டால் காகிதம் மஞ்சளாகிவிடும்.

பதினோராவதில் என்ன இருக்கிறது என்று நீ இன்னும் எழுதவில்லை.

அன்புடன்,
அக்கா

*

செப்டம்பர் 1

அன்புள்ள அக்கா,

உன் முழங்கால் தேவலையா? எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சாவியைப் போன மாதமே திரும்ப வாங்கிவிட்டேன். "பத்து நாள்கூடத் தாங்காதுன்னு நினைச்சேன், அஞ்சு வாரம் இருந்துட்டீங்க" என்றாள் மனைவி.

நேற்று லென்ஸ்காரரைப் பார்க்க நூலகத்துக்குப் போனேன். மேல்மாடியில் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, "உங்க அட்டைக்குத்தான் இது. தனியா வைக்கிறோம்" என்றார்.

"கொடுக்க முடியாதுங்க" என்றேன்.

"ஏன்? பத்திரமா திருப்பித் தந்துடுவோம். கையெழுத்துப் போட்டே தர்றேன்."

"எனக்கு வந்த அட்டை இல்லைங்க அது. எங்க அக்காவுக்கு வந்தது."

"உங்க விலாசம்தானே இருந்துது?"

"விலாசம் என்னுது. சேதி அவங்களுக்கு."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. பையிலிருந்து மற்றப் பத்தையும் எடுத்து வைத்து, "இதெல்லாம் எழுதினது எங்க அக்கா" என்றேன். அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. முழங்கால் வலி."

"இத்தனை வருஷத்துல தபால் ரூம்ல இருந்தவங்க ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்லைங்க. யாரும் வெளிய சொல்றதில்லை." கொஞ்ச நேரம் பத்தையும் படித்தார், இந்த முறை கண்ணாடி இல்லாமல். பிறகு, "நடுப்பெட்டில இதை வைக்கலாமா? எழுதினவங்க பேரோட?" என்றார்.

அக்காவைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் பெயர் வெளியே தெரிந்தால் அத்தானுக்கும் தெரியும். வேண்டாம் என்றால் வேண்டாம், அட்டைகள் என்னிடமே இருக்கட்டும். எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

பதினோராவதைப் பற்றி நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய். கோபத்தில் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. இதில் இருப்பது இவ்வளவுதான்: "தம்பிக்கு, கை ஆறிவிட்டதா? வேலைக்குப் போகிறீர்களா? உங்கள் அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்." கீழே கையெழுத்து.

அப்போது படித்தபோது, மரியாதைக்கு விசாரித்திருக்கிறார்கள், அதுவும் யாரோ விளையாட்டுக்கு எழுதியது என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லவே இல்லை. இப்போது ஒன்றும் விளங்கவில்லை. நீ போன பிறகு நான் அவருக்கு எழுதவே இல்லையே. வேலை கிடைத்ததும் நிறுத்திவிட்டேன். என்னை எப்படித் தெரியும்? உன்னை எதற்கு விசாரிக்க வேண்டும்? கேட்கலாம் என்றால் அவரும் காலமாகி எட்டு வருஷம் ஆகிறது.

அட்டையை இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அவர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், அக்கா.

உன் தம்பி

*

செப்டம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இருவரும் சுகம் என்று தெரிந்து நிம்மதி. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பிரித்தேன். அது அந்தம்மா எழுத்துதான். பழகுவதற்கு அவர் எழுதிய மாதிரிக் காகிதம் கொடுத்திருந்தார்கள், அந்தக் கிறுக்கலை அழகாக்கித்தான் எழுதினோம், கனவிலும் மறக்காது.

கடைசி நாளில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். நான்கு வருஷம் அவர் பெயரில் எழுதியும் அவரிடம் நான் பேசியதில்லை. உறையில் குத்துகிற, அவர் பெயர் போட்ட ரப்பர் ஸ்டாம்பைத் திருப்பிக் கொடுக்க மேக்கப் அறைக்குப் போகச் சொன்னார்கள். அந்தம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். மேக்கப்காரர் இமைக்கு மை தீட்டிக்கொண்டிருந்தார்.

"நாளையிலருந்து வரமாட்டேங்க. கல்யாணம்" என்றேன்.

"ம்."

"ஒரு பையன் எழுதுவான். கைல விரல் போனவன். அவனுக்கு மட்டும் அடுத்து வர்றவங்க கொஞ்சம் நல்லா எழுதட்டும்."

"எதுக்கு?" கண் திறக்கவில்லை.

"என் தம்பிங்க. நான் எழுதுறேன்னு அவனுக்குத் தெரியாது."

மேக்கப்காரர், நகரும்மா, வெளிச்சம் மறைக்குது என்றார். வந்துவிட்டேன். அவர் காதில் விழவில்லை, விழுந்தாலும் பொருட்படுத்தவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் பெயரைக்கூட அவர் கேட்டதில்லை. அதனால்தான் "உங்கள் அக்கா" என்று எழுதியிருக்கிறார். பதிவேட்டில் உன் விலாசத்தைத் தேடி எடுத்திருக்க வேண்டும். யாருக்கும் பதில் எழுதாதவர், மூன்று மாதம் கழித்து ஏன் உட்கார்ந்து எழுதினார்? நீ சொல்லுவாய் என்று நினைத்தாரா, நான் பதில் எழுதுவேன் என்று நினைத்தாரா? எனக்கு விளங்கவில்லை. இனி விளங்கப் போவதும் இல்லை.

கதவைத் திறந்தபோது அத்தான் வெளியே நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். அட்டையைக் கையில் கொடுத்து, உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இத்தனை வருஷம் நீ சொன்ன மாத்திரையெல்லாம்?"

"கடைக்காரர்கிட்டக் கேட்டுட்டு வந்து சொல்வேன்."

எழுந்து வாசல் பக்கம் போனார். சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. நானும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து, ஒரு காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். "எங்கே, அந்தம்மா மாதிரி ஒண்ணு போடு பார்க்கலாம்."

சாய்த்து எழுதிப் பார்த்தேன். மூன்று தடவை. கை வரவில்லை. என் எழுத்துதான் வந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுவே நல்லாத்தான் இருக்கு" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கோபம் முழுதும் தீரவில்லை. இன்று காலை பேப்பரை மனதுக்குள்ளேயே படித்தார். ஆனால் ஸ்டேஷனுக்குப் போய் மூன்று டிக்கெட் எடுத்து வந்திருக்கிறார். இருபத்தாறாம் தேதி ரயில், கண்காட்சி பார்க்க. மகளும் வருகிறாள்.

லென்ஸ்காரரிடம் சொல். என் பெயரைப் போடட்டும். முழுப் பெயர், இனிஷியலோடு. எழுத்துப் பிழை இல்லாமல் எழுதத் தெரிந்த ஆளாகப் பார்த்து எழுதச் சொல்.

அன்புடன்,
அக்கா